எந்த டிகிரி?

தமிழ்நாட்டில் 'டிகிரி' என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தங்கள் உண்டு. ஒன்று, பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வது. இரண்டு, காப்பிக்கு முன்னால் போட்டுக்கொள்வது. மூன்றாவது, உஷ்ணத்தை அளப்பது. முதலாவது எனக்குக் கிடைக்கவில்லை. கல்லூரியில் இரண்டு வருஷம் பெஞ்சைத் தேய்த்துவிட்டு வெளியே வந்தவன் நான். இரண்டாவது தினம் இரண்டு வேளை கிடைத்துவிடுகிறது. மூன்றாவதைப் பற்றித்தான் இன்று சண்டை பிடிக்கப் போகிறேன். கதை எழுதுகிறவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்குள் வந்து, ஒரு குழந்தையின் படுக்கையருகே நின்றுகொண்டு என்னை மிரட்டிய கணக்கு இது. நானாகத் தேடிப் போனதல்ல.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உஷ்ணத்தை எண்ணால் சொல்லிவிட்டு, அது எந்த அளவையில் உள்ள எண் என்பதைச் சொல்லாமல் விடுகிறவர், பத்திரிகைக்காரரானாலும் சரி, பட்டதாரியானாலும் சரி, தகவல் சொல்லவில்லை. எதிரே இருப்பவர் தலையில் ஒரு புதிரை ஏற்றிவிட்டுப் போகிறார். அந்தப் புதிரை அவிழ்க்கத் தெரியாதவர்கள்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

என் சொந்த ஊர் திட்டக்குடி. வெள்ளாற்றங்கரை ஊர். வைத்தியநாத சுவாமி கோயில் கொண்டிருக்கும் ஊர். வைத்தியர்களுக்கெல்லாம் தலைவனான சாமி இருக்கிற ஊரில் ஜுரத்துக்குப் பஞ்சமில்லை. என் தங்கை அங்கேதான் குடியிருக்கிறாள். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை வரும்போது சாக்லேட், தைலம், டார்ச் லைட்டு என்று பெட்டி நிறையக் கொண்டுவருவார். ஒரு தடவை அந்தச் சாமான்களோடு உஷ்ணமானி ஒன்றும் வந்தது. பாதரசம் கிடையாது, பொத்தானை அமுக்கினால் எண் தெரியும். வீட்டிலிருந்த பழைய கண்ணாடி உஷ்ணமானி எப்போதோ உடைந்து போயிருந்ததால், புதியவர் அந்த உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டார்.

ஒரு புரட்டாசி மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது, தங்கையின் நாலு வயசுப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. காலையிலேயே கருவியை வைத்துப் பார்த்திருக்கிறாள். 38.6 என்று காட்டியிருக்கிறது. அவளுக்குத் தெரிந்த ஜுரம் 98-இல் தொடங்குவது. 100-இல் கவலை, 102-இல் டாக்டர். முப்பத்தெட்டு என்பது அவளுடைய கணக்கில் எங்கேயும் இல்லை. "பாட்டரி போயிடுச்சு போலிருக்கு" என்று கருவியை அலமாரியில் வைத்துவிட்டு, கையால் தொட்டுப் பார்த்து, கஷாயம் கொடுத்துவிட்டாள். காலை போய் மாலையும் வந்துவிட்டது. இரவு எட்டு மணிக்குப் பிள்ளை அனத்தத் தொடங்கியதும் மறுபடியும் கருவியை எடுத்தாள். 39.4.

"அண்ணே, இது என்னமோ கூடிக்கிட்டே போகுதே. ஆனா முப்பத்தொம்பதுதானே காட்டுது? நல்லதா கெட்டதா?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 'சென்டிகிரேட்' என்று மட்டும் தெரிந்தது. படித்த சூத்திரம் நாக்கு நுனியில் நின்றது. ஒன்பதின் கீழ் ஐந்தா, ஐந்தின் கீழ் ஒன்பதா, முப்பத்திரண்டைக் கூட்டுவதா கழிப்பதா என்று தடுமாறினேன். அதற்குள் அடுத்த வீட்டுப் பட்டதாரி இளைஞன் வந்தான். நல்ல பிள்ளை. "சுலபம் சார். ரெண்டால பெருக்கி முப்பதைக் கூட்டுங்க" என்றான். பெருக்கிக் கூட்டினோம். 108.8 வந்தது!

நூற்றெட்டு டிகிரி ஜுரம்! தங்கை குரலெடுத்து அழுதாள். அகப்பட்ட காரில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, பெண்ணாடம் வழியாக விருத்தாசலத்துக்குப் பறந்தோம். அந்த முப்பது கிலோமீட்டர் தூரத்தில் தங்கை வேண்டிக்கொண்ட தெய்வங்களின் பட்டியலை எழுதினால் இந்தக் கட்டுரைக்கு இடம் போதாது. டாக்டர் பிள்ளையைப் பார்த்தார், கருவியையும் பார்த்தார். "நூத்தி மூணு இருக்கு. மருந்து தரேன், இறங்கிடும். நூத்தியெட்டுன்னு யார் சொன்னது?" என்றார். நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு, "காலையிலேயே ஏன் கொண்டுவரலை?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

பிள்ளை இரண்டு நாளில் எழுந்து விளையாடத் தொடங்கிவிட்டான். ஆனால் எனக்கு அந்த இரவு மறக்கவில்லை. ஒரே நாளில், ஒரே வீட்டில், ஒரே கருவியை வைத்துக்கொண்டு இரண்டு தப்புகள் செய்திருக்கிறோம். காலையில், இருந்த ஜுரத்தை இல்லை என்று நினைத்தோம். இரவில், இல்லாத மரணத்தை வந்துவிட்டதாக நினைத்தோம். கருவியின் மேல் குற்றமில்லை. அது சொன்னது இரண்டு தடவையும் சத்தியம். கூட இருந்த நாங்கள்தான் அதன் பாஷை தெரியாதவர்கள்.

அந்த இளைஞன் சொன்ன குறுக்குவழியைப் பற்றி ஒரு வார்த்தை. அது முழுப் பொய்யல்ல. குளிர் தேசத்துக்கு ஏற்ற உண்மை. 10 டிகிரி செல்சியஸை இரண்டால் பெருக்கி 30 கூட்டினால் 50. சரியான விடையும் 50-தான். சுற்றுவட்டாரத்திலும் பெரிய பிசகு வராது. லண்டனில் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புகிறவருக்கு அது போதும். 30 டிகிரிக்கு வந்தால் 86 என்பதற்குப் பதில் 90 என்று சொல்லும். 40-க்கு வந்தால் 104 என்பதற்குப் பதில் 110 என்று சொல்லும். அதாவது, எங்கே நமக்கு உயிர்ப் பிரச்னையோ அங்கே அது ஆறு டிகிரி தப்பு. கம்பளிச் சட்டையை இரவல் வாங்கிக்கொண்டு வந்து சித்திரை மாதத்தில் மாட்டிக்கொள்கிற காரியம் இது.

இதைவிடச் சுலபமான, பிசகே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. இரண்டால் பெருக்குங்கள். வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். பிறகு 32 கூட்டுங்கள். 39.4-ஐ இரண்டால் பெருக்கினால் 78.8. அதில் பத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 7.9. கழித்தால் 70.9. முப்பத்திரண்டு கூட்டினால் 102.9. டாக்டர் சொன்ன நூற்று மூன்று வந்துவிட்டது! இதற்குப் பட்டம் வேண்டாம்; மளிகைக் கணக்குப் போடத் தெரிந்த எந்தப் பாட்டியும் போட்டுவிடுவாள்.

அப்படியானால் இதில் என்னதான் கஷ்டம்? படித்தவர்கள்கூட ஏன் இடறுகிறார்கள்? யோசித்துப் பார்த்ததில் எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தார்.

தாத்தா மளிகைக் கடை வைத்திருந்தவர். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தபோது அவர் கடையில் நடந்த கூத்துகளை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பதினாறு அணா ஒரு ரூபாய் என்றிருந்தது போய், நூறு நயா பைசா ஒரு ரூபாய் என்றாகிவிட்டது. ஓரணாவுக்கு ஆறேகால் பைசா. காலுக்கு எங்கே போவது? ஓரணாவுக்கு ஆறு பைசா என்று வைத்துக்கொண்டார்கள். நாலணாவுக்கு 25 பைசா. நாலணாவை ஒரே தடவையாக மாற்றினவனுக்கு 25 கிடைத்தது. ஒவ்வோர் அணாவாக மாற்றினவனுக்கு 24 கிடைத்தது. அந்த ஒரு பைசாவுக்காகக் கடை வாசலில் கட்டிப் புரளாத குறை. ஆனாலும் ஜனங்கள் பழகிவிட்டார்கள். ஏன் முடிந்தது தெரியுமா? அணாவுக்கும் பைசாவுக்கும் பூஜ்யம் ஒன்றே. ஒன்றுமில்லாதவன் அணாவிலும் ஒன்றுமில்லாதவன், பைசாவிலும் ஒன்றுமில்லாதவன். பெருக்கினால் போதும், கூட்ட வேண்டியதில்லை.

உஷ்ணத்தின் சங்கதி அப்படியல்ல. இந்த இரண்டு அளவைகளுக்கும் பூஜ்யமே வேறு வேறு. செல்சியஸில் தண்ணீர் உறையும் இடம் பூஜ்யம். பாரன்ஹீட்டில் அதே இடம் 32. ஒரே சாலையில் இரண்டு வரிசை மைல் கல் நட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசை விருத்தாசலத்திலிருந்து கிலோமீட்டரில் எண்ணப்பட்டது. இன்னொரு வரிசை, விருத்தாசலத்துக்கும் பின்னால் எங்கோ ஓர் ஊரிலிருந்து, வேறு நீளத்தில் எண்ணப்பட்டது. ஒரு கல்லின் எண்ணை மற்றதாக மாற்ற வேண்டுமானால் இரண்டு காரியம் செய்ய வேண்டும்: நீளத்துக்காகப் பெருக்க வேண்டும், புறப்பட்ட இடத்துக்காகக் கூட்ட வேண்டும். ஆனால் இரண்டு புளியமரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால்? புறப்பட்ட ஊரைப் பற்றிய பேச்சே அங்கே எழவில்லை. பெருக்கினால் போதும்.

இடம் வேறு, தூரம் வேறு. 'உஷ்ணம் 40 டிகிரி' என்பது இடம். 'உஷ்ணம் 2 டிகிரி கூடும்' என்பது தூரம். முதலாவதற்கு முப்பத்திரண்டு உண்டு, இரண்டாவதற்குக் கிடையாது. ஒரு செல்சியஸ் டிகிரி ஏறினால், பாரன்ஹீட்டில் 1.8 டிகிரி ஏறும்; அவ்வளவுதான். இந்தச் சின்ன வித்தியாசம் மனசில் படாததால் விளைகிற அபத்தங்களைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

கோடை பிறந்துவிட்டால் நம் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் ஜுரம் வந்துவிடுகிறது. 'வெயில் சதம் அடித்தது', 'பத்து ஊர்களில் சதம்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். வானிலை ஆய்வுத் துறை தன் அறிக்கையைச் செல்சியஸில்தான் தருகிறது. அதை உட்கார்ந்து பாரன்ஹீட்டாக மாற்றினால்தான் இந்தச் சதம் கிடைக்கும். 37.7 டிகிரி செல்சியஸ் இருந்த ஊர் 99.9-இல் அவுட், அதற்குப் பட்டியலில் இடமில்லை. 37.8 இருந்த ஊர் நூறைத் தொட்டுவிட்டது, அதற்குத் தலைப்பு. இரண்டு ஊர்களிலும் களை எடுத்த பெண்களின் முதுகுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்குமா?

அதோடு நின்றால்கூடப் போகிறது என்று விடலாம். மேலே படியுங்கள். 'நேற்று 106 டிகிரி வெயில் கொளுத்தியது. இன்னும் இரண்டு நாட்களில் 2 டிகிரி வரை உயரக்கூடும்.' இது நான் ஒரு மாதிரிக்கு எழுதிக் காட்டுகிற வாக்கியம்; இதே வார்ப்பில் எத்தனை வாக்கியங்களை நீங்கள் படித்திருப்பீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். 106 பாரன்ஹீட். அந்த 2? அது அறிக்கையில் இருந்த செல்சியஸ். எண்ணை மாற்றியவர், அது சின்னதாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார். படிக்கிறவர் 106-உடன் 2-ஐக் கூட்டி 108 என்று எண்ணிக்கொள்கிறார். உண்மையில் வரப்போவது 109.6. ஒன்றரை டிகிரிக்கு மேல் உஷ்ணம் அச்சு இயந்திரத்துக்குள்ளேயே காணாமற்போய்விட்டது.

இன்னொரு வகை எழுத்தாளர் இருக்கிறார். அவர் கடமை தவறாதவர். இரண்டையும் மாற்றுவார். போனில் 2 என்று தட்டுவார், 35.6 என்று வரும். '35.6 டிகிரி உயரும்' என்று எழுதிவிடுவார். அப்படியானால் மறுநாள் 141 டிகிரிக்கு மேல்! ஊரே வெந்து போயிருக்க வேண்டும். 2015-இல் பாரிஸில் உலக நாடுகள் கூடி, பூமியின் சராசரி உஷ்ணம் தொழிற்காலத்துக்கு முன்பிருந்ததைவிட 1.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறாமலிருக்க முயல்வது என்று ஒப்பந்தம் செய்தன. பாரன்ஹீட்டில் அது 2.7 டிகிரி. இந்தக் கடமை தவறாதவர் கையில் அது 34.7 ஆகிவிடும். போனின் மேல் தப்பில்லை. 'இந்த இடத்தை மாற்று' என்று கேட்டார், மாற்றிக் கொடுத்தது. 'இந்தத் தூரத்தை மாற்று' என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டியது அவர்.

இதெல்லாம் எழுத்துப் பிழை மாதிரி. இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. வெப்ப அலை என்று வானிலை ஆய்வுத் துறை எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். சமவெளியில் உஷ்ணம் குறைந்தது 40 டிகிரி செல்சியஸை எட்டியிருக்க வேண்டும். அதோடு இயல்பைவிட 4.5 டிகிரி முதல் 6.4 டிகிரி வரை கூடியிருக்க வேண்டும். 6.4-ஐத் தாண்டினால் கடுமையான வெப்ப அலை. கடற்கரை ஊர்களுக்கு 40 என்பதற்குப் பதில் 37 போதும். இந்த விதியில் ஓர் இடமும் ஒரு தூரமும் சேர்ந்து இருக்கின்றன. 40 என்ற இடம் 104 பாரன்ஹீட். 4.5 என்ற தூரம் 8.1 பாரன்ஹீட். இரண்டையும் ஒரே மாதிரி மாற்றினால் விதியே பாழ்.

சதக் கணக்கு இங்கே என்ன சொல்கிறது? சமவெளியில் நூறு தொட்டாலும் வெப்ப அலை இல்லை, 104 வேண்டும். கடலூர் போன்ற கடற்கரை ஊரிலோ 37 செல்சியஸிலேயே, அதாவது 98.6 பாரன்ஹீட்டிலேயே, இயல்பைவிட நாலரை கூடியிருந்தால் வெப்ப அலை வந்துவிடலாம். அங்கே சதம் விழவில்லை; ஆகவே தலைப்பும் இல்லை. வெட்டவெளியில் மீன் காய வைக்கிறவளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. நூறு என்ற எண்ணின் அழகில் மயங்கி, வேண்டாத இடத்தில் கூச்சல் போட்டு, வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்கிறோம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது. எனவே இந்த எண்கள் இனிமேல் வெறும் பேச்சுக்கல்ல. கரும்பு வெட்டப் போனவன் வரப்பில் விழுந்தால், அன்று எத்தனை டிகிரி என்ற கேள்வி அவன் வீட்டு வாசலுக்கு வரும்.

அந்த நூறுக்குத்தான் என்ன அப்படிப் புனிதம்? டான்ஸிக் நகரத்தில் பிறந்த பாரன்ஹீட் என்ற கருவி செய்யும் மனிதர், 1724-இல் தன் அளவையை வெளியிட்டார். பனிக்கட்டி, தண்ணீர், நவச்சாரம் மூன்றையும் கலந்து கிடைத்த குளிரைப் பூஜ்யம் என்று வைத்தார். பனிக்கட்டி மிதக்கும் தண்ணீர் 32. ஆரோக்கியமான மனிதனின் உடம்புச் சூடு 96. நூறு என்பதை அவர் எதற்கும் அடையாளமாக வைக்கவில்லை! ஸ்வீடன் நாட்டு வானசாஸ்திரி செல்சியஸ் 1742-இல் நூறு படிகள் வைத்தார். ஆனால் தலைகீழாக வைத்தார். கொதிக்கிற தண்ணீருக்குப் பூஜ்யம், உறைகிற தண்ணீருக்கு நூறு. அவர் போன பிறகு அதை மற்றவர்கள் நேராகத் திருப்பினார்கள். இந்த அளவைகள் ஆகாயத்திலிருந்து விழவில்லை. மனிதர்கள் தங்கள் சௌகரியத்துக்கு நட்ட கற்கள் இவை.

நாம் வேதம் போல் நம்புகிற 98.6 என்ற எண் இருக்கிறதே, அதன் பூர்வோத்தரம் இன்னும் வேடிக்கை. லைப்சிக் நகரத்து டாக்டர் வுண்டர்லிஷ், ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு உஷ்ணமானி வைத்துப் பார்த்து, 1868-இல் ஒரு பெரிய நூல் எழுதினார். மனித உடம்பின் சராசரிச் சூடு 37 டிகிரி சென்டிகிரேட் என்றார். அது முழு எண். சற்று முன்னே பின்னே இருக்கலாம் என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. முப்பத்தாறரைக்கும் முப்பத்தேழரைக்கும் நடுவே என்று கொண்டால், பாரன்ஹீட்டில் 97.7 முதல் 99.5 வரை. ஆனால் சூத்திரத்தில் போட்டுக் கடைந்தார்கள், 98.6 வந்தது. புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் வந்தவுடன் அதற்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது! 1992-இல் அமெரிக்காவில் 148 ஆரோக்கியமான மனிதர்களை அளந்து பார்த்தபோது சராசரி 98.2 என்றே வந்தது. அந்த 'புள்ளி ஆறு' உடம்பிலிருந்து வந்ததல்ல, பெருக்கலிலிருந்து வந்தது. 99 காட்டியது என்று பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொள்ளும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, என் எதிர்க்கட்சிக்காரர்களுக்குப் பதில் சொல்கிறேன்.

"ஜனங்களுக்குப் பாரன்ஹீட்தான் புரியும், செல்சியஸ் போட்டால் யார் படிப்பார்கள்?" என்கிறார்கள் பத்திரிகை நண்பர்கள். படியும் மரக்காலும் புரிந்த ஜனங்களுக்குக் கிலோ புரிந்தது. அணா புரிந்தவர்களுக்குப் பைசா புரிந்தது. ஆறேகால் பைசாவை விழுங்கி ஜீரணித்த ஜாதி இது. ஜனங்களுக்குப் புரியாது என்று சொல்கிறவர், தமக்குச் சிரமம் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்.

"அப்படியானால் பாரன்ஹீட்டைச் சட்டம் போட்டு ஒழித்துவிடலாம்" என்கிறார்கள் வேறு சிலர். அதிலும் எனக்குச் சம்மதமில்லை. 102 என்றால் என் தங்கைக்கு அடி வயிறு கலங்குகிறது. அந்தக் கலக்கம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த ஞானம். பிடுங்கி எறிந்தால் அந்த இடத்தில் உடனே வேறொன்று முளைத்துவிடாது. ஜுரத்துக்குப் பாரன்ஹீட் இன்னும் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போகட்டும். பக்கத்தில் செல்சியஸையும் சொல்லிப் பழக்குங்கள், தானாக வரும்.

"போனில் தட்டினால் வந்துவிடுகிறது, இதற்கு ஒரு கட்டுரையா?" என்பது மூன்றாவது கட்சி. இவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி போதாது. தகுதியுள்ள ஒருவரை அழைத்து வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கதைக்காக விவரம் சேகரிக்க விருத்தாசலத்துக்குப் போயிருந்தேன். அங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழிலைப் படிக்க ஒரு கல்விக்கூடமும் இருக்கிறது. பொம்மைகளும் மின்சாரச் சாமான்களும் சுட்டெடுக்கிற ஊர். ஒரு சூளையில், பள்ளிக்கூடத்தை அதிகம் எட்டிப் பார்க்காத ஒரு பெரியவர் இருந்தார். சூளையில் ஒரு சின்னத் துவாரம். அதன் வழியே கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார். உள்ளே களிமண்ணால் செய்த சின்னக் கோன்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் தலை சாயும். 1886-இல் பெர்லின் நகரத்து ஸீகர் என்பவர் வகுத்த ஏற்பாடு அது. கோன் தலை சாய்ந்தால் பீங்கான் வெந்துவிட்டது என்று அர்த்தம். கோனுக்குச் செல்சியஸும் தெரியாது, பாரன்ஹீட்டும் தெரியாது, வேகத் தெரியும்.

அப்போது வெளியூரிலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். படித்தவர். கையிலிருந்த அமெரிக்கப் புத்தகத்தில் ஒரு புதிய மெருகுக்குப் பக்குவம் எழுதியிருந்தது. அதைப் பார்த்து, "ஐயா, இதுக்கு ரெண்டாயிரத்து இருநூறு டிகிரி வைக்கணும்" என்றார்.

பெரியவர் துவாரத்திலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டார்: "எந்த டிகிரி, தம்பி?"

"டிகிரின்னா டிகிரிதான் ஐயா. புத்தகத்துல போட்டிருக்கு."

"அப்படீன்னா முதல்ல இந்தச் சூளையை விலைக்கு வாங்கிக்கங்க. அந்தச் சூட்டுல சாமானும் மிஞ்சாது, சூளையும் மிஞ்சாது."

புத்தகத்தில் இருந்தது பாரன்ஹீட். 2200 பாரன்ஹீட் என்பது ஏறக்குறைய 1204 டிகிரி செல்சியஸ். பெரியவர் தினம் எரிக்கிற சூடுதான். அந்த இளைஞர் சட்டைப் பையிலும் போன் இருந்தது. ஒரு விரலைத் தட்டினால் விடை வந்திருக்கும். ஆனால், தட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கேள்வி தோன்றாதவனுக்குக் கருவி எதற்குப் பிரயோஜனம்? பெரியவருக்குச் சூத்திரம் தெரியாது. ஆனால் எண்ணைக் கேட்டவுடன் முதலில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அவருக்கு அது தெரிந்ததற்குக் காரணம், தப்பு நேர்ந்தால் வேகாமலோ வெந்து உருகியோ நிற்கப் போவது அவர் சூளை. நமக்கு ஏன் தெரியவில்லை? நாம் எழுதும் எண்ணால் வேகப் போகிறவர் வேறு யாரோ என்பதால்தான்.

ஆகவே, நான் கேட்பது பெரிய காரியமில்லை. வெயில் செய்தியைச் செல்சியஸில் போடுங்கள். பிரியமிருந்தால் பாரன்ஹீட்டைப் பக்கத்தில் போடுங்கள். 'டிகிரி' என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள், பெயரை எழுதுங்கள். உயரும், குறையும், இயல்பைவிட அதிகம் என்று வருகிற இடங்களில் முப்பத்திரண்டைத் தொடாதீர்கள், 1.8-ஆல் பெருக்கினால் போதும். சதத்தைக் கிரிக்கெட் மைதானத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்கும் ஒரு விண்ணப்பம்: சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைப்பதற்கு முன்னால், இடத்துக்கும் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மைல் கல்லைக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள்.

என் தங்கை இதையெல்லாம் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. விருத்தாசலத்திலிருந்து திரும்பிய மறுநாளே, சிங்கப்பூர் உஷ்ணமானியின் டப்பாவில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டாள். 'இது செல்சியஸ். 37 என்றால் 98.6. 38 என்றால் 100.4. 39 என்றால் 102.2. 40 என்றால் 104' என்று பேனாவால் எழுதி, 39-க்குக் கீழே சிவப்பில் ஒரு கோடு போட்டு, 'டாக்டர்' என்று எழுதியிருக்கிறாள். பத்தாம் வகுப்போடு நின்றவள்.

அடுத்த கோடையில் உங்கள் பத்திரிகையில் 'வெயில் சதம்' என்று பார்த்தால், ஆசிரியருக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். அதிகம் வேண்டாம், இரண்டே வார்த்தை. விருத்தாசலத்துப் பெரியவர் கேட்ட அதே இரண்டு வார்த்தை: எந்த டிகிரி?